முழங்காலுக்குக் கீழே நீட்டிய தண்ணீர்

ஜெனெலுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. காலையிலிருந்து சதுப்புச் சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டுகிற கைதி அவன். கட்சிச் செயலாளர் மேல் பொய் சொன்னான் என்பது குற்றம்.

என்ன பொய்? ஜெர்மானியர்கள் அல்பேனிய மலைகளைச் சல்லடை போட்டுத் தேடிய பனிக்காலத்தில், தொடையில் குண்டு பாய்ந்த கம்யூனிஸ்ட் கெமாலைத் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தான் ஜெனெல். அவன் தம்பி ருஸ்தெம் எதிரணி, தேசியவாதிகளின் துப்பாக்கிக்காரன். அந்தப் பள்ளத்தாக்கில் ஜெர்மானியனைச் சுட்டதைவிட இந்த இரண்டு அணியும் ஒன்றையொன்று சுட்டதுதான் அதிகம். ஒருநாள் ருஸ்தெம் திடுதிப்பென்று வந்து நின்றான். அடுப்படியில் கெமால்.

"அண்ணே, இவன் தலைக்கு எங்காளுங்க அலையிறாங்க."

"என் ரொட்டியத் தின்னுட்டான்டா. இப்ப விருந்தாளி."

ருஸ்தெம் துப்பாக்கியைச் சுவரில் மாட்டினான். "அப்ப எனக்கும் ரொட்டி எடு." கெமாலிடம் சொன்னான்: "பொழச்சுப் போ. வெளிய கண்டா சுட்டுருவேன்."

"நானுந்தான்," என்று சிரித்தான் கெமால்.

போர் முடிந்து கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். கெமால் மாவட்டக் கட்சிச் செயலாளர் ஆனான். ருஸ்தெமுக்குச் சினிமாக் கொட்டகையில் விசாரணை. 'துரோகியைச் சுடு' என்று கூட்டம் கத்தியது. கெமாலை ஜெனெல் முன்கூட்டியே போய்ப் பார்க்கவில்லை. சாட்சியைத் தனியே பார்த்துப் பேசுவது மலையில் கேவலம், சபையில்தான் கேட்பார்கள். மேடையில் கெமால் உட்கார்ந்திருக்க, ஜெனெல் எழுந்து சொன்னான்:

"தோழர் கெமாலையே கேளுங்க. என் தம்பி கையில சிக்கினவரு, அவன் சுடாம விட்டான். ஒரே தட்டுல சாப்பிட்டாங்க ரெண்டு பேரும்."

கெமாலின் நாற்காலிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்த துணைச் செயலாளர் மெல்லத் திரும்பி கெமாலைப் பார்த்தார். அந்தப் பார்வை போதுமாயிருந்தது.

"இந்த ஆளோட வாசலைக்கூட நான் மிதிச்சதில்ல," என்றான் கெமால்.

மறுநாள் விடியுமுன் ருஸ்தெமைச் சுட்டார்கள். அண்ணனைச் சதுப்புக்கு அனுப்பினார்கள்.

இன்று மதியம் புதுக் கைதிகள் வந்து இறங்கினார்கள். மொட்டைத் தலையும் ஒடுங்கிய கன்னமுமாக அதில் ஒருவன் கெமால். பக்கத்து நாட்டோடு உறவு முறிந்ததும், 'யூகோஸ்லாவியாவின் கையாள்' என்று கெமாலைப் பற்றி மேலிடத்துக்கு எழுதி, துணைச் செயலாளர் நாற்காலியைப் பிடித்துவிட்டார்.

"ஜெனெல் அண்ணே... ஒரு வாய் தண்ணி."

சுற்றிலும் மலைக்காரர்கள் மண்வெட்டியை நிறுத்தினார்கள். மானம் கெட்டவனுக்குக் காலைத் தூக்கி, காபியை முழங்காலுக்குக் கீழே நீட்டுவதுதான் மலை வழக்கம். காபிக்கு எங்கே போவது? ஜெனெல் பல்லைக் கடித்துக்கொண்டு சேற்றிலிருந்து ஒரு காலைப் பிடுங்கித் தூக்கினான்; இடுப்பில் மின்னல் வெட்டியது. தண்ணீர் டப்பாவை அந்த முழங்காலுக்குக் கீழே நீட்டினான்.

கெமாலும் மலைக்காரன்தான். டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வாங்கிக் குடித்தான்.

"இப்ப சொல்றேண்ணே. எவன் முன்னால வேணாலும் சொல்றேன்."

"எவன் முன்னால? இந்தத் தவளைங்க முன்னாலயா?"

ஜெனெல் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தான். அந்தக் கொட்டகையில், அந்தச் சபையில், ருஸ்தெமுக்குக் கெமால் தரவேண்டியிருந்த ஒரு சொல் இன்னும் பாக்கி.