ஏசுபாதம் கோச்சுக்கு ஓட்டு

எட்டு ஆட்டம், எட்டும் தோல்வி. இன்னும் ஒன்று தோற்றால் விடியல் கால்பந்து அணி மாவட்ட லீக்கில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். பழைய கோச் ஏசுபாதத்தைக் கூப்பிடு என்று கடலோரத்து ஊரே ஒரே பாட்டாகப் பாடியது. இப்போதைய கோச் பூபாலனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ஏசுபாதம் சென்னைக்குப் போன அன்று அந்த வேலையை எடுக்க ஒருத்தனும் முன்வரவில்லை. அணுபுரத்தில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துக்கொண்டே மூன்று வருஷமாக இந்த மைதானத்தில் கத்திக் கத்தித் தொண்டை போனது இவனுக்குத்தான். அதுவும் ஏசுபாதம் கற்றுக்கொடுத்ததை இம்மி பிசகாமல் செய்தான். அவரிடம் பத்து வருஷம் கோல்கீப்பராக நின்றவன் ஆயிற்றே!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏசுபாதம் வந்து இறங்கினார். பசங்க மொய்த்துக்கொண்டார்கள். அவரை மறுபடி கோச்சாக்குவதா என்று எட்டு மணிக்கு ஓட்டெடுப்பு.

"மொதல்ல ஆடுங்க, பாக்கறேன்," என்றார்.

கோல்கீப்பர் ஜோஷ்வா பழைய பாடப்படி, கடல் பக்கமாக ஓடும் ஹேமந்துக்குப் பந்தைத் தூக்கி அடித்தான். கோட்டைத் தாண்டி வெளியே போனது. மறுபடி அடித்தான், மறுபடி வெளியே. மூன்று வருஷமாக இதே கூத்துதான். பூபாலன் பல்லைக் கடித்தான்.

ஏசுபாதம் பந்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி விட்டார். மணல் கடலைப் பார்த்துப் பறந்தது.

"பூபாலா, மேட்ச்செல்லாம் எப்போ நடக்குது?"

"காலைல கோச். வெயில் தாங்கலன்னு நீங்க போன கையோட மாத்திட்டாங்க."

"நான் சொல்லிக்குடுத்தது சாயங்கால ஆட்டத்துக்குடா. அப்போ கடல்காத்து பந்த உள்ள தள்ளிகினு வரும். காலைல காத்து ரோட்டுப் பக்கத்துலேருந்து வருது. ஹேமந்து, நீ ரோட்டுப் பக்கம் போ."

அவ்வளவுதான் சொன்னார். ஜோஷ்வா அடித்த பந்து வெளியே போவதுபோல் போய், வானத்திலேயே திரும்பி, ஹேமந்தின் காலடியில் வந்து விழுந்தது. கோல்! அடுத்ததும் கோல். பூபாலன் கோட்டுக்கே ஓடி வந்து பார்த்தான். அடேயப்பா, எட்டு ஆட்டம் தோற்ற அதே பசங்களா இவர்கள்? மூன்று வருஷம் அதே காற்று தன் மூஞ்சியில் அடித்தும் தனக்கு உறைக்கவில்லை. இந்த மனுஷன் ஒரு பிடி மண்ணில் கண்டுபிடித்துவிட்டாரே! இவ்வளவு நாள் எரிந்த வயிறு எப்போது அடங்கியது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

விடியல் அணியில் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. ஏசுபாதம் வேண்டும் என்பவர்கள் வடக்குக் கோலில் செருப்பையோ பூட்ஸையோ கழற்றி விட வேண்டும், வேண்டாம் என்பவர்கள் தெற்கில். பதவியில் இருப்பவன்தான் முதலில் விட வேண்டும். பூபாலன் எழுந்ததும் பசங்க தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் தெற்கே போனால் பாதிப் பேர் முகதாட்சண்யத்துக்காகவே பின்னால் போவார்கள். அது அவனுக்கும் தெரியும்.

"அண்ணாத்த, நீ எங்க போறியோ அங்கதான் நானும்," என்றான் ஜோஷ்வா.

பூபாலன் வடக்கே நடந்தான். செருப்பைக் கழற்றிக் கோலுக்குள் விட்டான்.

"இன்னாடா, உன் வேலைய நீயே தூக்கிக் குடுக்கற?" என்றார் ஏசுபாதம்.

"நீங்க பாத்தது எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் தெரிஞ்சிருக்காது கோச். நாளைக்கி நான் எத்தினி மணிக்கு வரணும்?"

ஏசுபாதம் கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"அஞ்சரைக்கு. லேட்டா வந்தா மூணு ரவுண்டு ஓடணும்."

"வந்துடறேன் கோச்," என்றான், முப்பத்தாறு வயது பூபாலன், கைகட்டி நின்று.