கதவைத் திறந்தால் கத்தும்

சிட்டிபாபு தன் சைக்கிள் பூட்டின் சாவியைக் காரில் நுழைத்துத் திருப்பினான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்டரை இழுத்ததும் வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

“பாத்தியாண்ணா? உன் வண்டிக்கு ஊர் பூரா சாவி கீது.”

நாகபூஷணம் சிரிக்கவில்லை. யுத்தத்துக்கு முன்னால் வந்த சின்னக் கார் அது. இரண்டு கை மாறி அவரிடம் வந்து ஆறு வருஷமாகிறது. நகரியில் தம்பி கன்னையாவின் தறிகளில் இறங்கும் லுங்கியையும் துண்டையும் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு போய் சித்தூர், திருப்பதி கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். அன்று திருப்பதியில் சரக்கை இறக்கிவிட்டு ரேணிகுண்டாவுக்கு வந்திருந்தார். சிட்டிபாபு ரயில்வேயில் எலக்ட்ரிக் வேலைக்காரன். ஓய்வு நாட்களில் குவார்ட்டர்ஸ் வாசலில் கார் வயரிங் பார்ப்பான்.

பத்து நாள் முன்பு ஒரு காலையில் சித்தூர் வீட்டு வாசலில் வண்டி இல்லை. கட்டமஞ்சி ஏரிக்கரையில் நிற்கிறது என்று பால்காரர்தான் வந்து சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தபோது லுங்கிக் கட்டுகள் கயிறு அவிழாமல் பின்சீட்டில் இருந்தன. ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. ஒரு துண்டுகூடக் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் வந்தவன் திருட வந்தவனில்லை என்று அவருக்குப் புரிந்தது. முன்கண்ணாடியில் படிந்த புழுதியில் யாரோ விரலால் தெலுங்கில் ‘மெட்ராஸ்’ என்று எழுதியிருந்தார்கள். தோள் துண்டால் அவசரமாகத் துடைத்தார். அதற்குள் எத்தனை பேர் படித்திருப்பார்களோ.

ஆந்திரா தனியாகப் பிரிந்து ஐந்து வருஷமாகியும் எல்லை எங்கே விழும் என்று முடிவாகவில்லை. நகரி யாருக்கு, புத்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று டீக்கடைகளில் தினமும் ஒரு கோடு போட்டு அழித்துக்கொண்டிருந்தார்கள். நகரியை மெட்ராஸோடு சேர்க்கக் கோரும் மனு ஒன்று நெசவாளர்களிடம் சுற்றி வந்தபோது கன்னையா அதை நீட்டினான். நாகபூஷணம் தமிழில் கையெழுத்துப் போட்டார். போட்டது நகரியில், குடியிருப்பது சித்தூரில், அந்தத் தெருவில் ஒரே தமிழ் வீடாக. எதிர்வீட்டு ரங்கையா கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. இந்த மாதிரி மனுக்கள் அவர் மேஜை வழியாகப் போகலாம் என்பது கையெழுத்து காய்ந்த பிறகுதான் உறைத்தது. வண்டி காணாமல் போன காலையில் ரங்கையா தன் வாசலில் நின்றபடி, “பெட்ரோல் எந்த போயிந்தய்யா?” என்று கேட்டார். பெட்ரோல் எவ்வளவு போயிற்று என்பது சாதாரணக் கேள்விதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவில்லை, ஓட்டித்தான் போனார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்பது வருஷமாகப் பச்சை வேர்க்கடலையிலிருந்து காய்ச்சல் மாத்திரை வரை கைமாறிய இரண்டு வாசல்களுக்கு நடுவில் அந்தக் கேள்வி பத்து நாளாகக் கிடந்தது.

“ரெண்டு வழி கீது,” என்றான் சிட்டிபாபு. “சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் ஒளிச்சு வெக்கறேன். அத அமுத்திட்டா எவன் வந்தாலும் இன்ஜின் எடுக்காது. சத்தமில்லாம எரும மாதிரி நிக்கும். இல்லாட்டி ஹாரன கதவோட சேத்துடறேன். கதவத் தொறந்தா கத்தும். நிறுத்தற சுவிட்ச் எங்க கீதுன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்.”

“எது நல்லது?”

“என்னக் கேட்டா எருமதான். கத்தி இன்னா ஆவப்போவுது? எங்க வீட்டு நாய் தினம் கத்துது. நானே எழுந்து போறதில்ல.”

நாகபூஷணம் வண்டியைச் சுற்றி வந்தார். எரும மாதிரி நின்றால் வண்டி வாசலிலேயே இருக்கும். ஆனால் ஒருவன் வந்து, அந்த சீட்டில் உட்கார்ந்து, சாவி போட்டுப் பார்த்து, பேசாமல் இறங்கிப் போயிருப்பான். தினமும் விடிந்ததும் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தெருவில் எதிரே வருகிறவன் ஒவ்வொருவனின் கையையும் பார்க்க வேண்டும்.

“கத்தட்டும்,” என்றார்.

“யோசிச்சுக்கோண்ணா.”

“பத்து நாளா அதத்தான் பண்ணிக்கினு கீறேன்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஹாரன் சங்கதியைக் கேட்டதும் அவர் மனைவி ரத்னம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கத்தினா யார் வருவா?”

“தெருவுல இத்தினி பேர் கீறாங்களே.”

“அதான் கேக்கறேன். யார் வருவா?”

அவள் குரலைத் தாழ்த்தியிருந்தாள். வண்டி போன நாளிலிருந்து இருவரும் சொந்த வீட்டுக்குள்ளேயே தமிழை மெதுவாகத்தான் பேசினார்கள். யார் முதலில் ஆரம்பித்தது என்று இருவருக்கும் நினைவில்லை.

“வாய மூடிக்கினு நிக்கறதா பாத்து வெச்சுக்கினு வரக் கூடாதா?” என்றாள். “கத்தி, ஒருத்தரும் வரலன்னா? தெரிஞ்சுபூடும். தெரிஞ்சப்புறம் கார்த்தால எழுந்து இந்த வாசல்ல எப்பிடி தண்ணி தெளிக்கறது? அந்த ரங்கையா சம்சாரத்துகிட்ட எப்பிடி மோர் வாங்கறது?”

கன்னையா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு காலியாக இருப்பதாகப் போன வாரம் சேதி வந்திருந்தது. அதை அவள் ஒரே ஒரு தரம் சொன்னாள். பிறகு பித்தளைப் பாத்திரங்களை மட்டும் தேய்த்து ஒரு பக்கமாக அடுக்கி வைத்திருந்தாள்.

“இப்பவே பாத்துடலாம்,” என்றார் நாகபூஷணம். “யாரும் வரலன்னா நகரிக்குப் போயிடலாம். நானே கன்னையாவுக்குக் கடுதாசி எழுதறேன்.”

“வந்தா?”

“வந்தா இங்கதான்.”

“கதவ யார் தொறப்பா? நாமளே தொறந்தா எவன் வருவான்? தமாஷுன்னு பாத்துக்கினு இருப்பான்.”

அவளே எழுந்து போய்ப் பாவு நூல் கண்டு ஒன்றை எடுத்து வந்து, நான்கு இழை சேர்த்து முறுக்கினாள். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து அளந்து, வாசல் ஜன்னலுக்கும் வண்டிக்கும் எட்டுகிற நீளத்துக்குத் திரித்தாள். வண்டியின் இடது கதவு தாழ் தேய்ந்தது. மடித்த அட்டையை இடுக்கினால்தான் நிற்கும், இழுத்தால் வந்துவிடும். அவர் துடைக்கிற மாதிரி துணியோடு போய்க் கைப்பிடியில் நூலைக் கட்டி, மறைந்திருந்த சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தார். மணி ஒன்றரை. தெருவில் ஆள் இல்லை. எல்லா வீட்டிலும் சாப்பாட்டு நேரம். வெயிலில் நூல் தெரியவே இல்லை.

ஜன்னலை ஒரு சாண் விட்டுச் சாத்தினார்கள். நூலை ரத்னம்மா வாங்கிக்கொண்டாள். விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் விட்டிருப்பாள். இழுத்தாள்.

அவ்வளவு சத்தத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. ஓட்டும்போது காற்றோடு போய்விடுகிற ஹாரன், நின்ற இடத்தில் விடாமல் அலறியது. பிள்ளையார் கோயில் மரத்திலிருந்த காக்கைகள் எழும்பின. கோடி வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது, யாரோ எட்டிப் பார்த்தார்கள், ஜன்னல் மூடிக்கொண்டது. நாகபூஷணம் மனதுக்குள் எண்ணத் தொடங்கினார். இருபது. முப்பது. தையல்காரர் வீட்டுக் கதவின் பின்னால் ஒரு நிழல் வந்து நின்றது, வெளியே வரவில்லை. ஐம்பத்திரண்டு. ரத்னம்மா எண்ணவில்லை. எதிர்வீட்டைத் தவிர அவள் எதையும் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ரங்கையா வந்தார். மேலே சட்டையில்லை. வலது கையில் மோர்சாதம் ஒட்டியிருந்தது. அதை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். வாய் இன்னும் மென்றுகொண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்த கார்க் கதவைப் பார்த்தார். தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, “ஏமண்டி, மீகெந்துக்கு? லோப்பலிக்கி ரண்டி,” என்று கூப்பிட்டது ஹாரனுக்கு நடுவிலும் கேட்டது. உங்களுக்கென்ன வந்தது, உள்ளே வாருங்கள் என்று.

ரங்கையாவின் ஒரு கால் படியிலிருந்து தெருவில் இறங்கியது. மற்றது படியிலேயே இருந்தது. முழங்கை வழியாக மோர் ஒரு கோடாக இறங்கிச் சொட்டியது. அப்படியே நின்று, கண்ணை இடுக்கி, ஒரு சாண் திறந்திருந்த இவர்கள் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே இருட்டு, அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ரத்னம்மாவின் விரல் நுனி நூல் இறுகி நீலமாகியிருந்தது. அவள் அதைத் தளர்த்தவில்லை. தெருவில் ஒரு கால், படியில் ஒரு கால்; இதை வந்ததாக வைப்பதா என்று நாகபூஷணம் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டரி இறங்கி அலறல் மெல்ல மெல்லக் கம்மிக் கரகரக்கத் தொடங்கியது. ரங்கையா சோற்றுக் கையை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.