கோழி டானிக்கும் வசந்தாமணியின் ரத்தமும்

1
இது கதையாகத் தொடங்கவில்லை. மக்கள் உடல்நலமும் பொருளாதார வளர்ச்சியும் என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். உடம்பு நன்றாக இருந்தால் வேலை நடக்கும். வேலை நடந்தால் வருமானம். வருமானம் வந்தால் உடம்பு நன்றாக... இங்கே நின்றுவிட்டேன். சுற்றிச்சுற்றி வருகிறது. வெளியே நிற்பவர் எந்த இடத்தில் உள்ளே ஏறுவது?

2
மறுபடியும் தொடங்குகிறேன். வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. அங்கே தீனி போட்டு முட்டை பொறுக்குபவள் வசந்தாமணி. (கோழியா முட்டையா என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன்.) கோழிகள் சோர்ந்தால் குடிதண்ணீரில் டானிக் கலப்பார்கள். நாலைந்து நாளில் தெளிந்துவிடும். அவளுக்கும் கொஞ்ச நாளாகத் தலைசுற்றல், மூச்சு வாங்கல். கோழிக்குக் கேட்பது தனக்குக் கேட்காதா என்று தினமும் ஒரு மூடி குடித்துவந்தாள்.

மகள் தனப்பிரியா நர்சிங் படிக்கிறவள். பார்த்துவிட்டாள்.

“இன்னும் ரெண்டு நாள்ல முட்ட உட்ருவ போல.”

சிரித்துக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். ரத்தம் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. திங்கட்கிழமை வந்து படுத்து ரத்தம் ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

3
பண்ணைக்காரர் சபரிநாதனைக் கெட்டவராக எழுதப் பார்த்தேன். வரவில்லை. ஒரு வேளைத் தீனி தவறினாலும் முட்டை குறைந்துவிடும். அது அவருக்கு உடனே தெரியும். வசந்தாமணிக்கு ரத்தம் குறைந்தபோது எதுவும் குறையவில்லை. (இந்த வாக்கியம் சரியா? அவள் ஒருநாளும் வேலையில் குறை வைக்கவில்லை என்பதுதானே சிக்கலே?)

“போய்ட்டு வா, வேண்டாங்கல. மாத்தாளு உட்டுப்போட்டுப் போ. கோழிக்கு லீவுன்னா தெரியுமா?”

மாற்றாள் தேடி ஊரெல்லாம் கேட்டாள். யாரும் அமையவில்லை. தனப்பிரியா தானே போவதாகச் சொன்னாள். அவளுக்குத் திங்கட்கிழமைதான் பரீட்சை.

“பரிச்சைய உட்டுப்போட்டுக் கோழிக்குத் தீனி போடப் போறியா சாமி? எனக்கு அந்த டானிக்கே போதும்.”

“நீ படுத்துட்டா நான் படிச்சு ஆருக்கு ஊசி போடறது?”

4
மூன்று முடிவுகள் எழுதினேன். சபரிநாதன் மனமிரங்குவது: நானே நம்பவில்லை. வசந்தாமணி கோழிகளுக்கு நடுவே விழுவது: அவளை விழவைக்க எனக்கு என்ன உரிமை? மூன்றாவதில் அரசாங்கம்

(முடிக்கவில்லை.)

பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. ஆட்களிடமிருந்து கோழிகளுக்கு நோய் போய்விடக் கூடாதென்று, அதில் கால் நனைத்துத்தான் உள்ளே விடுவார்கள். திங்கட்கிழமை விடிகிறது. அதில் நனையும் கால் அம்மாவுடையதா, மகளுடையதா? எனக்குக் குழப்பமாகவே இருக்கிறது; நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இருவருமே போகாத ஒரு முடிவு உங்களுக்குக் கிடைத்தால், என்னிடம் வேண்டாம், முதலில் சபரிநாதனிடம் சொல்லிப் பாருங்கள்.