ஓடாத சரக்கு

"அதை ஏன் மேல தூக்கி வெக்கிறீங்க? கீழ அலமாரி சும்மாதானே—"

"தூசியே ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? நீயும்தானே—"

"மூடி போட்ட டப்பாக்குள்ள தூசி எப்படிங்க போகும்? இறங்குங்க முதல்ல."

அவர் ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. மனைவியின் காலடியில் டப்பாக்கள் கிடந்தன. ஒன்றில் மரக்கட்டைகள், ஒன்றில் குட்டிச் சமையல் சாமான், மூடாத ஒன்றில் ஒரு கண் போன கரடி பொம்மை. போன மாதத்திலிருந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் மகளுக்காக இருவருமாகக் காலையிலிருந்து கழுவித் துடைத்துக் காயவைத்தவை.

"கரடியையாவது கீழ வைங்க. குட்டி வந்து செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி அதைத்தான் கேப்பா."

"கேட்டா எடுத்துத் தரேன்."

"பரண்ல இருந்து? நீங்க? உங்க பெரியம்மா குடுத்த கண்ணாடிக் கிண்ணம் கல்யாணம் முடிஞ்ச கையோட ஏறுச்சு. இன்னும் தரையைப் பாக்கல."

அவருக்குச் சிரிப்பு வந்தது; பாதியிலேயே நின்றுபோனது.

கிடங்கில் சரக்கு அடுக்குகிறவர் அவர். வீட்டிலும் அதே கணக்குத்தான். "ஓடுற சரக்கு முன்னால, ஓடாத சரக்கு பின்னால" என்பார். அரிசி டின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும். ரிப்பேரான மின்விசிறி பரணின் கடைசியில். "என்னை எந்த மூலைல அடுக்கப் போறீங்க?" என்று அவளும் கேலி செய்து ஓய்ந்திருக்கிறாள்.

ஸ்டூலைப் பிடித்தபடி அவள் அண்ணாந்து பார்த்தாள். அவர் கிண்ணப் பெட்டியை முன்னுக்கு இழுத்தார். மின்விசிறியையும் இழுத்தார். மகளின் டப்பாவை அவற்றுக்குப் பின்னால், சுவரில் முட்டும்வரை தள்ளினார். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. பழகிய கை, தானாகச் செய்தது.

"ஏங்க."

"ம்."

"ஓடாத ஃபேனுக்கும் பின்னாடியா வெக்கிறீங்க?"

"முன்னாடி இடம் இல்லம்மா."

முன்னால் ஒரு ஆள் படுக்குமளவு இடம் கிடந்தது.

அடுத்த டப்பாவுக்காக அவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார். அவள் குனிந்து, கரடியை மட்டும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"நேத்து என்னை மருந்து வாங்க அனுப்பிட்டு டாக்டர் உங்களை மட்டும் உள்ள கூப்பிட்டாரே. என்ன சொன்னாருங்க?"