கூரைக் குழாயில் கொசுப்புழு

பச்சைக் கதவைத் தட்டித் தட்டி மூத்தவளுக்கு விரல் கணுக்கள் சிவந்துவிட்டன. முதுகில் மருந்துத் தெளிப்பானோடு இளையவள் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டாள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட இந்த ஓரகத்திகள் இருவருக்கும் நகராட்சியில் கொசு ஒழிப்பு வேலை, தினக்கூலி.

அந்தத் தெருவில் பத்து நாளில் பதினான்கு காகங்கள் செத்துப் போயிருந்தன. கழுத்து துவண்டு, பறக்க முடியாமல் தத்தித் தத்தி மண்ணில் சாய்ந்தன. கொசு கடித்துப் பரவும் நோய், விட்டால் மனிதர்களுக்கும் வரும் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு வாரமாக இருவரும் வீடு வீடாகக் கொல்லைப்புறம் புகுந்து பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், நாய்க்கிண்ணம் என்று ஒன்று விடாமல் கவிழ்த்தாயிற்று. மிச்சம் இந்த ஒரு வீடுதான்.

கதவு ஒரு சாண் திறந்தது. தன் வீட்டில் கொசுவே கிடையாது, தோட்டத்தை மிதிக்க விடமாட்டேன் என்று வீட்டுக்காரர் நாலாவது முறையாகச் சொல்லி அடைத்துவிட்டார்.

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. திரும்பும்போதுதான் கவனித்தாள்: மழை ஓய்ந்து ஒரு வாரமாகியும், கூரையிலிருந்து தெருப்பக்கம் இறங்கும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து அடியில் பிடித்தாள். கால் பாட்டில் சேர்ந்ததும் வெயிலில் தூக்கிப் பார்த்தால், உள்ளே முப்பது நாற்பது புழுக்கள் நெளிந்தன.

மறுபடி தட்டி, பாட்டிலை நீட்டினாள்.

"எல்லாம் உங்க வீட்டுப் பிள்ளைங்கதான் சார். எங்ககூட அனுப்பறீங்களா, நீங்களே வளத்துக்கறீங்களா?"

வீட்டுக்காரருக்குக் கோபம் வரப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. ஏணியை அவரே தூக்கி வந்தார்.

கூரையோரத் தகரக் கால்வாய் முழுக்க இலை மக்கிக் கிடந்தது. மேலே ஏறிய இளையவள் அடைப்பை இழுத்ததும், கறுப்புத் தண்ணீர் அப்படியே மூத்தவள் தலையில் கொட்டியது.

"குளிப்பாட்டப் போறேன்னு சொல்லியிருந்தா சோப்பு கொண்டாந்திருப்பேன்லடி" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு காகங்கள் விழுவது குறைந்து, மூன்றாம் வாரம் நின்றே போனது. ஒருநாள் மரத்தடியில் நின்ற இளையவளின் மண்டையில், குஞ்சு வைத்திருந்த காகம் ஒன்று நறுக்கென்று கொத்தியது.

"கொத்தற அளவுக்குத் தெம்பு வந்திருச்சுக்கா" என்று தலையைத் தடவிக்கொண்டே பூரித்துப் போனாள்.

அந்த வாரம் நகராட்சி வாசல் பலகையில் பெரிய படம் ஒட்டினார்கள். கால்வாயைச் சுத்தம் செய்த அன்றே, பார்வையிட வந்த நகராட்சி அதிகாரியோடு எடுத்தது. அதிகாரி வீட்டுக்காரரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். பறவைகளைக் காத்த குடிமகன் என்று கீழே எழுதியிருந்தது. ஈரத்துணியோடு நின்ற மூத்தவளை அன்று ஓரமாகப் போகச் சொல்லியிருந்தார்கள். இருவரும் படத்தை மேலும் கீழும் துழாவினார்கள்.

"அக்கா, ஏணி மேல பாரு. என் கால்தான் அது. கட்டைவிரல்ல துணி சுத்தியிருக்கேன் பாரு."

இருவரும் போட்ட சிரிப்பில் காவலாளி எழுந்து வந்தார். இருவரும் சொல்லியும், படத்தில் அந்த இரண்டு கால்களைக் கண்டுபிடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.