கன்னத்தில் சேவல்

கழுத்துத் துணியை மூக்கு வரை இழுத்துக் கட்டிக்கொண்டுதான் ரோசினே அன்று காலை ஊர் அடுப்புவீட்டுக்குள் நுழைந்தாள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அடுப்பு ஊருக்கே ஒன்றுதான். யார் எப்போது சுடுவது என்று சீட்டுக் குலுக்கியதில் முதல் சீட்டு அவளுக்கு விழுந்திருந்தது.

"என்னடி, பல்வலியா?" என்றாள் யாகோபினே. கொல்லன் மனைவி, ஒரு மூட்டை மாவை ஒற்றைக் கையால் நகர்த்துகிறவள்.

"படியில ஐஸ் உறைஞ்சிருந்தது அக்கா. வழுக்கி விழுந்துட்டேன்."

பிஸ்கோத்துப் பலகையை உள்ளே தள்ளக் குனிந்தபோது துணி நழுவியது. பேசிக்கொண்டிருந்த ஆறு பெண்களும் ஒரே சமயத்தில் அவள் கன்னத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஊர் இருந்த ஆல்ப் மேட்டில் வீட்டுக்கு ஒரு பிஸ்கோத்து அச்சு உண்டு. பேரி மரப் பலகையில் உருவத்தைக் குடைந்திருப்பார்கள். சோம்பு போட்ட மாவை அதில் அழுத்தி எடுத்தால் உருவம் புடைத்து நிற்கும். கொல்லன் வீட்டுக்குக் குதிரைக்காரன், மாவு ஆலைக்காரர் வீட்டுக்கு மீன், காட்டு மரம் ஏற்றும் வண்டி ஓட்டும் ரோசினேயின் கணவன் லோரென்ஸ் வீட்டுக்குச் சேவல். பிஸ்கோத்தைப் பார்த்தே எந்த வீடு என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும்.

ரோசினேயின் இடது கன்னத்தில் கருஞ்சிவப்பாக ஒரு சதுரம் வீங்கியிருந்தது. மரம் குடைந்திருந்த இடம் மட்டும் அடிபடாமல் நடுவே வெளுத்து நின்றது. கொண்டை தெரிந்தது, அலகு தெரிந்தது, வளைந்த வாலும் தெரிந்தது.

"ஐஸ்ல விழுந்தா கன்னத்துல சேவல் முளைக்குமாடி?" என்றாள் யாகோபினே மெதுவாக.

ரோசினே அங்கேயே விறகுக் கட்டையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

முன்தினம் அவள் மாவில் அச்சு அழுத்திக்கொண்டிருந்தாள். லோரென்ஸ் வந்து அச்சைக் கையிலிருந்து வாங்கினான். பார்க்கத்தான் வாங்குகிறான் என்று நினைத்தாள். சூப் ஆறிப்போயிருக்கிறது என்றான்; ஒரே வீச்சு. கடைவாய்ப் பல் தெறித்து மாவில் விழுந்தது. அவளுக்கு அடி புதிதல்ல. அறுவடை சமயத்தில் இரண்டு விலா எலும்பு, போன ஈஸ்டருக்கு ஒரு விரல். எல்லாவற்றையும் ஜெபத்தில் சொல்லி அழுதுவிட்டு மறுநாள் பசு கறக்கப் போயிருக்கிறாள். ஆனால் நேற்று, கீழே விழுந்தவள் கண்ணுக்கு, அவன் அதே அச்சோடு மேசைக்கடியில் ஒளிந்திருந்த பேர்பெலே பக்கம் திரும்பியது தெரிந்தது. ஐந்து வயது மகள். ரோசினே பாய்ந்து அவள்மேல் கவிழ்ந்தாள். அடுத்த இரண்டு அடியும் முதுகில் இறங்கின.

"'இன்னிக்குத் தப்பிச்சா. இவளுக்கும் ஒரு சேவல் குத்தாம விடமாட்டேன்'னாரு. சொல்லிட்டு அந்தச் சூப்பையே குடிச்சாரு அக்கா."

"கீழ ஊர்ல உன் தங்கச்சி இருக்காள்ல? குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடேன்" என்றாள் விதவை பிரிடெரிக்கே.

"வாசலைத் தாண்டினா ரெண்டு பேரையும் கிணத்துல போடுவேன்னிருக்காரு. செய்யக்கூடிய ஆளு."

அடுத்தவர் துன்பத்தைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்வது எளிது. அந்தப் பெண்கள் ஆறு வருஷமாக அதைச் சொல்லிவந்தார்கள். யாகோபினே அடுத்த வீட்டுக்காரி. அலறல் கேட்கும்போதெல்லாம், பட்டறைச் சத்தத்தில் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டவள். இப்போது அவள் அந்தக் கன்னத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ரோசினே, எங்க வீட்டுல ஒரே பட்டறைப் புகை. என் பிஸ்கோத்துப் பலகையை உன் வீட்டுல காய வச்சுக்கட்டுமா?"

"வைங்க அக்கா" என்றாள் அவள், புரியாமல்.

"வச்சுட்டுப் போயிட முடியாதுடி. ஒரு நாள் முழுக்கக் காத்துப் படாம, கதவு அடிபடாம நான் பக்கத்துலயே உக்காந்திருக்கணும். இல்லேன்னா பிஸ்கோத்துக்குக் கால் வராது."

நன்றாகக் காய்ந்தால்தான் சூட்டில் அடிப்பக்கம் மட்டும் எழும்பி, பிஸ்கோத்து கால் ஊன்றி நிற்பதுபோல் நிற்கும். கால் வராத பிஸ்கோத்தை அந்த ஊரில் விருந்தாளி முன் வைக்கமாட்டார்கள்.

"எனக்கும் இடம் குடு. என் கூரை ஒழுகுது" என்றாள் பிரிடெரிக்கே.

"போன மாசந்தானே ஓடு மாத்தினீங்க?"

"ஒழுகுதுன்னா ஒழுகுதுடி! வாயை மூடிட்டுப் பலகையைத் தூக்கு!"

மத்தியானத்துக்குள் லோரென்ஸ் வீட்டில் பதினோரு பலகைகள் சேர்ந்துவிட்டன. கட்டில், பெஞ்சு, பெட்டி எங்கும் வெள்ளைச் சதுரங்கள். பலகைகளுக்குப் பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்து காலுறை பின்னினார்கள். குழந்தையின் துணியை ஒருத்தி மூட்டையாகக் கட்டினாள். லோரென்ஸ் இருட்டித்தான் வருவான்; முன்னதாக வந்தாலும் இத்தனை பேர் முன்னால் கை ஓங்கமாட்டான் என்று நினைத்தார்கள். பசுவைக் கறந்துவிட்டு மூன்று மணிக்குத் தாயும் மகளும் கிளம்புவது என்று பேச்சு.

அவன் இரண்டு மணிக்கே வந்தான். காட்டில் பனி அதிகம் என்று குடிக்கப் போய், அங்கிருந்து வந்திருந்தான்.

"என் வீட்டுல என்னங்கடி சந்தை?"

"கதவை மெல்லச் சாத்து லோரென்ஸு. காத்து அடிக்குது" என்றாள் யாகோபினே, ஊசியை நிறுத்தாமல்.

அவன் கண் பேர்பெலேயின் தோளில் தொங்கிய மூட்டையில் விழுந்தது. முதல் உதை பெஞ்சுக்கு. மூன்று பலகைகள் சரிந்தன. பூட்ஸின் கீழே பிஸ்கோத்துகள் நொறுங்கின. குழந்தையை நோக்கி எட்டு வைத்தான். ரோசினே குறுக்கே விழுந்தாள். முடியைப் பிடித்துச் சுழற்றி அவள் தலையைச் சுவரில் மோதினான். ஒருமுறை, மறுபடி ஒருமுறை. அறுபது வயது பிரிடெரிக்கே அவன் மணிக்கட்டைக் கடித்தாள். உதறி எறிந்தான். அவள் பெட்டிமேல் விழுந்து தோள் எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் அடுப்படிக் கோடாரியை எடுத்தான்.

யாகோபினே எழுந்தாள். கையில், மேசையிலிருந்து எடுத்த, பூரிக்கட்டையைவிட இரட்டிப்பு நீளமான மாவு உருட்டும் கட்டை. "ஆண்டவரே! ஆண்டவரே!" என்று கூவிக்கொண்டே அவன் முழங்காலில் இறக்கினாள். காய்ந்த சுள்ளி முறிவதுபோல் கேட்டது. இரண்டாவது அடியில் கோடாரி தெறித்தது. விழும்போது அவன் நெற்றி அடுப்பின் இரும்பு மூலையில் கிழிந்து, ரத்தம் வெள்ளைப் பிஸ்கோத்துகள்மேல் சிதறியது.

அவள் மூன்றாவதாகக் கட்டையை ஓங்கினாள், தலைக்கு நேராக.

ரோசினே அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள். "போதும் அக்கா. கால் போச்சு. இனிமே துரத்த முடியாது. போதும்."

பிறகு அவள் செய்தது அங்கிருந்த சிலருக்குப் பிடிக்கவில்லை. ஒரு துண்டை நனைத்து, அவன் நெற்றியைத் துடைத்து, இறுக்கிக் கட்டினாள். ஒரு குவளைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்தாள். வைத்தியரைக் கூட்டிவர ஒருத்தியை அனுப்பினாள்.

"போகாத ரோசினே" என்று அவன் முனகினான். "சத்தியமா இனிமே அடிக்க மாட்டேன்."

"நம்புறேன்" என்றாள் அவள். "தூரமா இருந்து நம்பிக்கிறேன்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். யாரும் அவளைக் கிணற்றில் போடவில்லை.

யாகோபினே பேர்பெலேயை வாங்கி முதுகில் சுமந்து, முழங்கால் அளவுப் பனியில் முன்னால் நடந்தாள்.

பாதி இறக்கத்தில் குழந்தை கேட்டாள்: "அம்மா, அப்பாவுக்குத் தண்ணி எட்டுமா?"

"எட்டும். கைக்குப் பக்கத்துலதான் வச்சேன்."

"அவரு இங்க எட்டுவாரா?"

"எட்ட மாட்டாரு."

தங்கை கதவைத் திறந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள், உள்ளே இழுத்துக்கொண்டாள். யாகோபினே மட்டும் படியிலேயே நின்றாள்.

"உள்ள வாங்கக்கா, கால் காய வச்சுட்டுப் போலாம்" என்றாள் ரோசினே.

"நேரமில்லடி. பிரிடெரிக்கே தோளைப் பாக்கணும்." கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அந்தாளுக்கும் முட்டியில கட்டை வச்சுக் கட்டணும்ல? வைத்தியர் ஒத்தை ஆளாப் பிடிக்க முடியாது. உடைச்சவ நான்தானே, நான்தான் பிடிச்சுக்கணும்."

மேட்டைப் பார்த்து அவள் திரும்பி நடந்தாள்.