ரிப்போர்ட்டால் நீண்ட பதினாறு மைல்

1931ஆம் வருசம் சூரமங்கலம் ஜங்ஷனுக்கும் வெண்ணந்தூர் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கும் இடையே பதினாறு மைல். அடுத்த வருசம் முப்பத்திரண்டு. ஊரும் நகரவில்லை, ஜங்ஷனும் நகரவில்லை, நடுவில் நிலம் முளைத்திருந்தது. அதில் சிலர் சோளம் விதைத்தார்கள், விளைச்சல் சுமார்.

கிளை ரயில் தடம் போட அளவுக்கல் நட்டதும் அந்த 1931இல்தான். கல் நட்டதோடு வேலை நின்றது. தை மாதம்தோறும் ஓர் அதிகாரி மோட்டாரில் வந்து, வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டு ரிப்போர்ட் எழுதுவார். ஊர் தேடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் குறை சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. "நல்லா நடக்குதுங்க சாமி" என்போம். ரிப்போர்ட் மெட்ராஸ் போய்ச் சேரும் அன்று தூரம் இரட்டிக்கும். தூரத்துக்கேற்பத் தண்டவாளம் வேண்டுமென்று எஸ்டிமேட்டும் இரட்டிக்கும். மைலுக்கு இவ்வளவு என்று பயணப்படி வாங்கிய அதிகாரிக்கு இதில் வருத்தமில்லை. இவ்வளவு பெரிய திட்டம் நம்முடையது என்று எங்களுக்கும் கொஞ்சம் மிதப்புதான்.

ஊரிலேயே பலமாகத் தலையாட்டியவள் பெருமாயி. அவள் மகள் ராசாத்தியை ஜங்ஷன் போர்ட்டர் மாரிக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. 1936இல் தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர வண்டி கட்டிப் புறப்பட்டாள். பாதி வழியில் அந்த வருசத்து ரிப்போர்ட் மெட்ராஸ் போய்விட்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, குப்புற விழப் பழகியிருந்தது. ராசாத்தி முகம் கொடுத்துப் பேசவில்லை. பெருமாயி வழியெல்லாம் அழுதபடி திரும்பினாள். அடுத்த தையில் அதிகாரி வந்ததும் வழக்கம்போலத் தலையாட்டினாள்.

1938 தையில் தூரம் ஆயிரத்து இருபத்து நான்கு மைல். காசியே கிட்டம் என்றார்கள். ராசாத்திக்கு மறுபடி ஆறாம் மாசம் என்று எழுதிய கடிதம் வந்து சேர்ந்தபோது அவளுக்கு ஒன்பது முடிந்திருந்தது. அந்த வாரமே அதிகாரி வந்து கேட்டார். நாங்கள் வாய் திறப்பதற்குள் பெருமாயி முந்திக்கொண்டாள்.

"ஒரு சாண்கூட நடக்கலீங்க. ஏழு வருசமா நாங்க சொன்னதெல்லாம் பொய்யுங்க."

அதிகாரி பேனாவை மூடப் பார்த்தார்.

"எழுதுங்க சாமி. எம்மவ அங்க தனியா இருக்கறா."

அவர் எழுதினார். எழுதிய கையோடு வடக்கே ஐநூற்றுப் பன்னிரண்டு மைல், சோளத்தோடு பூமிக்குள் போனது. மெட்ராஸ் போய்ச் சேரும்வரை உண்மை காத்திருக்கவில்லை. அதைப் பார்த்ததும் கூட்டத்திலிருந்த காத்தான் எழுந்து, அளவுக்கல்லில் ஒன்று தன் வீட்டில் துணி துவைக்கும் கல்லாக இருப்பதைச் சொன்னான். மிச்சத்தில் பாதி குறைந்தது. ஏழு வருசம் அடக்கி வைத்த வாய்கள், ஒருவரும் நிறுத்தவில்லை. கேட்காததையும் சொன்னோம். உச்சிவேளைக்கு ஜங்ஷன் கைகாட்டி எங்கள் ஏரிக்கரைக்குப் பின்னால் தெரிந்தது. மூத்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ராசாத்தி வரப்பில் நடந்து வந்தாள்.

"அன்னைக்கு நான் நேரத்துக்கு வராதது தூரத்தால இல்ல கண்ணு. எனக்கு வாய் வரல. அதான் நீ தனியாப் பெத்த" என்றாள் பெருமாயி மகளிடம்.

ராசாத்தி அவள் தோளில் கை போட்டுச் சாய்ந்தாள். "வலி வந்திருச்சும்மா. ஊட்டுக்குள்ள கூட்டிட்டுப் போ."

பொழுது சாயப் பெண் குழந்தை பிறந்தது, பெருமாயிதான் கையில் ஏந்தினாள். இரண்டு ஊருக்கும் நடுவே தூரம் இல்லாததால் தடம் தேவையில்லை என்று கடைசி ரிப்போர்ட் போயிற்று. ரயில் எங்கள் ஊருக்கு இன்றுவரை வரவில்லை, ஸ்டேஷன்தான் வந்திருக்கிறது. மாரி மத்தியானச் சோற்றுக்கு நடந்து வந்து, மகளைக் கொஞ்சிவிட்டு, இரண்டு மணி வண்டிக்குத் திரும்பிப் போகிறான்.